அளக்காமல் எழுதிய உயரம்

மனிதர்கள் வயதைப் பற்றிக்கூட உண்மை சொல்லிவிடுவார்கள், உயரத்தைப் பற்றி மட்டும் வாய் திறந்தால் பொய்தான் என்பது பெரியவளின் அனுபவம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் அறையில் அவளுக்கு இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். உள்ளே வருகிறவர்களை மேஜையில் படுக்கவைப்பதற்கு முன்னால், செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோரம் நிற்கும் அளவுக் கம்பத்தில் நிறுத்தி, தலைமேல் சட்டத்தை இறக்கி, உயரத்தைத் தன் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவாள். "அஞ்சடி நாலு, போட்டுக்கோங்க" என்று அதிகாரமாகச் சொல்லும் ஆசாமிகளை ஏற இறங்கப் பார்ப்பாள். "அது உங்க கல்யாணத்தப்ப. இப்ப நில்லுங்க, பாப்போம்" என்பாள்.

இது வெறும் கெடுபிடி அல்ல. முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சின்னச் சின்னக் கட்டைகள். உள்ளுக்குள் சத்து வற்றிப் பொத்தலாகிவிட்டால் அதில் ஒரு கட்டை தானாகவே நசுங்கும். கீழே விழ வேண்டியதில்லை, அடிபட வேண்டியதில்லை, குனிந்து ஒரு வாளியைத் தூக்கினாலே போதும். முதுகு பிடித்துக்கொண்டது என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆள் மட்டும் கொஞ்சம் குள்ளமாகியிருப்பார். வெளியே தெரிவது அவ்வளவுதான். அதனால் வந்தவர் சொல்லும் உயரம், கம்பம் காட்டும் உயரம் இரண்டையும் ஒத்துப்பார்ப்பது அந்த அறையில் முதல் வேலை. எலும்பு டாக்டரம்மா அதில் ரொம்பக் கண்டிப்பு.

அப்பேர்ப்பட்ட பெரியவள், ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அளக்காமல் எழுதினாள். அந்த ஆள் அவளுடைய கூடப்பிறந்த தங்கை.

பெயருக்குத்தான் இவள் பெரியவள். தலையைத் தூக்கிப் பார்த்தால்தான் சின்னவளின் முகம் தெரியும். இரண்டு வயசு இளையவள் ஒரு தலை உயரம் கூடுதலாக நின்றால் அக்காக்காரிக்கு எப்படி இருக்கும்? சின்ன வயசில் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இரண்டு பேரையும் முதுகோடு முதுகு நிற்கவைத்துக் காட்டுவாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். "பெரியவ எங்க, சமையல் ரூம்ல ஒளிஞ்சிருக்காளா?" என்று ஒரு மாமா ஒவ்வொரு தடவையும் அதே ஜோக்கைச் சொல்வார், அம்மா ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பாள்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதை இந்த வேலைக்குப் படிக்கும்போதுதான் பெரியவள் தெரிந்துகொண்டாள். எலும்பு வளர்வது நடுவில் அல்ல, ஓரத்தில். நீள எலும்பின் முனைகளில் குருத்தெலும்பால் ஆன மெல்லிய தட்டு இருக்கும். அது மேலும் மேலும் குருத்தெலும்பை உண்டாக்கிக்கொண்டே போக, பின்னாலேயே சுண்ணாம்புச் சத்து வந்து படிந்து அதைக் கெட்டி எலும்பாக்கிக்கொண்டே வரும். பெண்பிள்ளை வயசுக்கு வந்ததும் சுரக்கிற ஹார்மோன் முதலில் வளர்ச்சிக்கு ஒரு தள்ளு கொடுக்கும், பிறகு அந்தத் தட்டையே எலும்பாக்கி மூடிவிடும். மூடினால் மூடினதுதான், தலைகீழாக நின்றாலும் வளராது. பெரியவள் பதினொன்றில் வயசுக்கு வந்தாள். சின்னவள் பதினாறு முடிகிறவரை வரவில்லை. அந்த ஐந்து வருஷமும் அவளுக்குத் தட்டு திறந்தே கிடந்தது. வகுப்பில் இதைக் கேட்டபோது மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள், பெரியவளுக்கு வயிறு எரிந்தது. தலையெழுத்து என்று நினைத்திருந்தவரை கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, காரணம் தெரிந்தபின் அந்த ஆறுதலும் போயிற்று.

உடம்பு தன் எலும்பை ஒரு நாளும் சும்மா விட்டுவைப்பதில்லை. பழையதை அரித்தெடுக்க ஒரு கூட்டம், அந்த இடத்தில் புதியதைக் கட்ட ஒரு கூட்டம் என்று ஓயாமல் வேலை நடக்கும். பத்து வருஷத்தில் ஏறக்குறைய மொத்த எலும்புக்கூடும் புதுசாகிவிடும் என்பார்கள். அந்தக் கணக்கில் இரண்டு பேரும் நாலைந்து தடவை புதுசாகியாயிற்று. பெரியவளின் பொறாமை மட்டும் போட்டது போட்டபடி இருந்தது.

இப்போது விஷயம் அம்மாவிடம் வந்து நின்றது. தனியாகக் குடியிருந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். பெரியவள் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே ஆபரேஷன் நடந்தது. மாடியில் வார்டு, கீழே ஸ்கேன் அறை. பெரியவள் காலையில் ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று ஏறி இறங்கினாள். தலை சீவினாள், துணி மாற்றினாள், உடம்பு துடைத்தாள். அவள் உள்ளே நுழைந்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "சின்னவ வந்துட்டாளா?" என்பதுதான்.

இனிமேல் தனியாக இருக்க முடியாது, யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று வார்டு நர்ஸ் கேட்டபோது அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"சின்னவ வீட்டுக்கு."

அதைச் சொன்னபோது, அம்மாவுக்கு அப்போதுதான் எடுத்த மூத்திரப் பாத்திரத்தோடு பெரியவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நர்ஸுக்கே சங்கடமாகிவிட்டது. பெரியவள் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் பாத்திரத்தைக் கழுவப் போனாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதாள்.

வீட்டில் அவள் புருஷனுக்கு இது புரியவேயில்லை. "ஒரு ஆளைத் தூக்கி உக்கார வெச்சு, குளிக்க வெச்சு, இதெல்லாம் லேசுப்பட்ட வேலையா? தானா வேற வீட்டுக்குப் போறேங்குறாங்க. நீ என்னமோ சொத்து கைவிட்டுப் போன மாதிரி உக்காந்திருக்க."

"உங்களுக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"ஒண்ணும் தெரியாது. போய்ப் படுங்க."

அம்மாவைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கவேண்டும், திரும்பப் படுக்கவைக்கவேண்டும், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. அம்மாவும் கனமான உடம்பு. அதனால் தூக்கப்போகிறவருக்கு முதுகு நன்றாக இருக்கவேண்டும் என்றது நடைப் பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண். சின்னவளுக்கு ஆறேழு மாதமாக முதுகில் ஒரு பிடிப்பு. "அப்ப எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடுங்க. நல்லா இருந்தா அம்மாவக் கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா அக்கா வீட்டுல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டது. அப்படித்தான் சின்னவளின் எலும்பு பெரியவளின் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

அன்றைக்குச் சின்னவள் வாசலில் நுழைந்ததும் ரிசப்ஷன் பெண் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். சின்னவளைப் பார்த்தால் அப்படித்தான் செய்வார்கள். நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற வேலை, ஐம்பது தாண்டியும் ஒட்டின வயிறு, நீண்ட கழுத்து, நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

"உங்க தங்கச்சியா மேடம்? நம்பவே முடியலையே!"

எதை நம்ப முடியவில்லை என்று பெரியவள் கேட்டுக்கொள்ளவில்லை.

"அக்கா, எங்க நிக்கணும்? இங்கயா?" சின்னவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பத்தை நோக்கிப் போனாள். உயரமான ஆட்களுக்கு அளப்பதற்காகப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடக்கும். பெரியவள் அதில் ஏறவேண்டும், எக்கவேண்டும், தங்கையின் தலைமேல் சட்டத்தை இறக்கவேண்டும். ரிசப்ஷன் பெண் வேறு கதவைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க நிற்கிறாள். முதுகோடு முதுகு நின்ற நாளெல்லாம் பெரியவளுக்கு ஒரு நொடியில் ஞாபகம் வந்துவிட்டது.

"நிக்க வேண்டாம், வந்து படு. உயரம் சொல்லு."

"அஞ்சு எட்டு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்று சொல்லி, கம்ப்யூட்டரில் ஐந்தடி எட்டு அங்குலம் என்று தட்டினாள்.

சின்னவள் மேஜையில் மல்லாந்து படுத்தாள். முட்டிக்குக் கீழே பஞ்சுத் திண்டு வைத்து, காலை உயர்த்தி, அசையாமல் இரு என்று சொல்லிவிட்டுப் பெரியவள் தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஸ்கேன் கை மெதுவாக அவள்மேல் நகர்ந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். உயரத்தில் தோற்ற பெரியவள் எலும்பில் தன்னை ராணி என்று நினைத்திருந்தாள். அவளையும் அந்த மேஜையில் படுக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். "உங்க எலும்பு நாப்பது வயசுக்காரியோடது" என்று டாக்டரம்மாவே சொன்னதை அவள் வீட்டில் எல்லோரிடமும் சொன்னாள். அம்மா "ஓ, அப்படியா" என்றதோடு சரி. இருந்தாலும் அவளுக்கு அது போதுமாயிருந்தது. சின்னவள் எவ்வளவு உயர்ந்து நின்றாலும், தோலைக் கழற்றிப் பார்த்தால் ஜெயித்தது யார் என்பது தனக்குத் தெரியும் என்று ஒரு திருப்தி.

திரையில் எண் வந்தது. இடுப்பெலும்பு கொஞ்சம் குறைவு, அந்த வயசுக்கு இருக்கக்கூடியதுதான். முதுகெலும்பு பிரமாதம். பெரியவளின் எண்ணைவிட ஒரு மயிரிழை அதிகம்.

இதிலுமா, என்று அவளுக்கு ஆங்காரமாக வந்தது. கடவுள் இவளுக்கு எதைத்தான் குறைவாக வைத்தார்? படத்தை அவள் பார்க்கவில்லை. படத்தில் ஒவ்வொரு கட்டையாகப் பார்த்துச் சரி என்று குறிக்கவேண்டும், அதுதான் வேலை. எண்ணைப் பார்த்த எரிச்சலில் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று தட்டிவிட்டு எழுந்தாள்.

"என்னக்கா? எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு. போ, போய் அம்மாவத் தூக்கு."

டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார், வந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கெல்லாம் யார் காத்திருந்தார்கள்? சின்னவள் மாடிக்கு ஓடினாள். பெரியவள் சாயங்காலம் போனபோது அம்மா பக்கத்துக் கட்டில்காரியிடம் கதை அளந்துகொண்டிருந்தாள். "எம் பொண்ணுக்கு எலும்பு கல்லாம். டெஸ்டுல சொல்லிட்டாங்க. சின்னதுலேருந்தே அவ அப்படித்தான்." சொன்னது யார் என்று ஒரு வார்த்தை கிடையாது. பெரியவள் அம்மாவுக்குத் தலையணையைச் சரிசெய்தாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

அடுத்த நாள் மத்தியானம் ஸ்கேன் அறையில் யாரும் இல்லை. மாடியில் பிசியோ பெண் சின்னவளுக்குத் தூக்கும் பயிற்சி கொடுக்கப்போகிறது, அது முடிந்தால் அம்மா டிஸ்சார்ஜ். பெரியவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆறப்போகிற புண்ணைச் சொறிவதில் ஒரு சுகம் இருக்கிறதே, அந்தச் சுகத்துக்காகத் தன்னுடைய பழைய படத்தையும் தங்கையின் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். அப்படி என்னதான் அழகு, ஒரு தரம் பார்த்துவிடுவோமே என்றுதான்.

இடது பக்கம் அவளுடைய கட்டைகள், ஒரே அளவு, ஒரே நிறம். வலது பக்கம் சின்னவளுடையது. மேலே இருந்த இரண்டு கட்டைகள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. கீழே இருந்த இரண்டும் மங்கல், பின்னால் இருக்கும் நிழல் தெரிகிற அளவுக்கு மங்கல். மேலே இருந்தவற்றை இன்னொரு தரம் பார்த்தாள். அவை குட்டையாக இருந்தன. யாரோ மேலே உட்கார்ந்து அமுக்கியதுபோல் குட்டை.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நசுங்கின கட்டை அது. இருக்கிற சுண்ணாம்பெல்லாம் குறுகின இடத்தில் அடைந்துகொண்டதால் அடர்த்தியாகத் தெரிகிறது. இயந்திரம் இவ்வளவு இடத்தில் இவ்வளவு சுண்ணாம்பு என்று கணக்குப் போடும், நசுங்கினதா நல்லதா என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்த்து ஒதுக்கத்தான் ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த ஆள்தான் எண்ணைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தாளே!

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். இதில் ஒளித்துப் பேச ஒன்றுமில்லை. ஜிவ்வென்று ஒரு சந்தோஷம், உள்ளங்கால் வரைக்கும். ஜெயித்தது நான்தான், அம்மா என் வீட்டுக்குத்தான். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து உறைத்தது. ஹார்மோன் தாமதமாக வந்ததில் சின்னவளுக்கு உயரம் கிடைத்தது, எலும்புக்குள் நிரப்பவேண்டியதை நிரப்ப வருஷம் போதவில்லை. நாற்பத்து மூன்றிலேயே மாதவிலக்கும் நின்றுபோயிற்று. "தொல்லை விட்டுதுக்கா" என்று அவள் சிரித்தபோது பெரியவள் அதற்கும் பொறாமைப்பட்டாள். ஹார்மோன் நின்றால் அரிக்கிற கூட்டத்தின் கை ஓங்கிவிடும் என்பது தினமும் வருகிறவர்களுக்கு இவளே சொல்லும் பாடம். நீச்சலும் அப்படித்தான். பாரத்தைச் சுமக்கச் சுமக்கத்தான் எலும்பு கெட்டிப்படும், தண்ணீரில் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். பொறாமைப்பட்ட ஒவ்வொன்றும் தங்கையின் எலும்பைத் தின்றிருக்கிறது. தெரியாதவள் இல்லை இவள். தங்கை விஷயத்தில் மட்டும் கண் தெரியாமல் போயிற்று.

இப்போது போய் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நேற்றுவரை கல் என்று சொன்னவள், அம்மா கிளம்புகிற நேரத்தில் வந்து நசுங்கிவிட்டது என்கிறாள். அவளே அந்த இடத்தில் இருந்தால் நம்பமாட்டாள். டாக்டரம்மா வரட்டும், அவர் எப்படியும் பார்த்துவிடுவார், அவர் வாயாலேயே வரட்டும் என்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை. அதற்குள் மாடியில் சின்னவள் அம்மாவைத் தூக்கியிருப்பாள். மூன்றாவது கட்டை எந்த நொடியில் நசுங்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

பெரியவள் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி ஓடினாள்.

வார்டில் அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் அகலமான பட்டை கட்டியிருந்தது. சின்னவள் குனிந்து இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் பிசியோ பெண், "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்திருந்தது.

"விடு! கைய எடு! தூக்காத!"

வார்டே திரும்பிப் பார்த்தது. பிசியோ பெண் சட்டென்று அம்மாவைத் தாங்கிக்கொண்டது. சின்னவள் நிமிர்ந்தாள்.

"என்னக்கா, எதுக்கு இப்படிக் கத்துற?"

"உன் முதுகுல ரெண்டு எலும்பு நசுங்கியிருக்கு. இன்னொண்ணு நசுங்கினா நீயும் படுத்துக்க வேண்டியதுதான்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நான் சொல்லல? நான் உன் வீட்டுக்கு வர்றது அவளுக்குப் பொறுக்கலடி. நேத்திலேருந்து மூஞ்சியப் பாத்தேனே!"

"நீ சும்மா இரும்மா," என்றாள் சின்னவள். அக்காவின் பக்கம் திரும்பினாள். "கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"ஒரே நாள்ல நசுங்கிடுச்சா?"

"நேத்தே நசுங்கித்தான் இருந்துது. நான் பாக்கல."

"ஏன் பாக்கல? அதுதானே உன் வேலை?"

மெஷின் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் கோளாறு என்றால் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள், அதற்குள் தூக்கிவிடுவார்கள்.

"நம்பர்ல நீ என்னை ஜெயிச்சுட்டேன்னு எனக்கு எரிச்சல். அந்த எரிச்சல்ல படத்தையே பாக்கல. முக்காலி மேல ஏறி உன்னை அளக்கப் பிடிக்கல, அதனால உயரமும் அளக்கல. அளந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

பக்கத்துக் கட்டில்காரி படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். சின்னவள் அக்காவுக்கு நேரெதிரே வந்து நின்றாள்.

"நேத்து வயித்தெரிச்சல்ல பாக்கலைன்னா, இன்னைக்கு அதே வயித்தெரிச்சல்ல பொய் சொல்லமாட்டேன்னு நான் எப்படி நம்புறது?"

கேள்வி நியாயமானது.

"என்னை நம்பாத. அதோ கம்பம் இருக்கு, போய் நில்லு. நான் கிட்டயே வரல. இந்தப் பொண்ணு அளக்கட்டும்."

வார்டு மூலையில் எடை பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் இருந்தது. சின்னவள் விறுவிறுவென்று போய் முதுகைச் சாய்த்து நின்றாள். பிசியோ பெண் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறிச் சட்டத்தை இறக்கியது.

"அஞ்சு ஆறு மேடம்."

"சரியா பாரும்மா. அஞ்சு எட்டு இருக்கும்."

"அஞ்சு ஆறுகூட முழுசா இல்ல மேடம். இன்னொரு தடவை பாக்குறேன், நேரா நில்லுங்க."

சின்னவள் நேராக நின்றாள். கழுத்தை நீட்டினாள், தாடையைத் தூக்கினாள், அவளையும் அறியாமல் குதிகால் தரையை விட்டு எழும்பியது. "குதிகாலக் கீழ வைங்க மேடம்" என்றது அந்தப் பெண், மெதுவாகத்தான். இப்படி எக்கி நின்றவர்களைப் பெரியவள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள், அதட்டியிருக்கிறாள். இந்தக் குதிகால் இறங்கியதை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை. தங்கை குள்ளமாகவேண்டும் என்று எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருப்பாள்! ஆசைப்பட்டது கண்முன்னால் நடந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சின்னவள் கம்பத்தை விட்டு வந்து அம்மாவின் கட்டிலில் மெல்ல உட்கார்ந்தாள். முதல் தடவையாக முதுகைப் பற்றி யோசித்து உட்கார்ந்தாள்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், இரண்டு கட்டையும் நசுங்கியது உறுதியாயிற்று. ஊசி, மாத்திரை, கொஞ்ச நாளைக்கு முதுகுப் பட்டை, கனம் எதையும் தூக்கக்கூடாது, மெதுவாக நடக்கலாம் என்று சின்னவளுக்குப் பொறுமையாக எழுதிக்கொடுத்தார். அவளை அனுப்பிவிட்டுப் பெரியவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"படத்தப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா நான் பாக்குறதுக்கு முன்னாடி வாயால ரிசல்ட் சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது? சொந்தக்காரங்க வந்தா இனிமே வேற ஆளைக் கூப்பிடுங்க. நீங்க அளக்காதீங்க."

"சரிங்க டாக்டர்," என்றாள் பெரியவள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அம்மா பெரியவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வேறு வழியில்லாமல்தான் வந்தாள் என்பதை அவள் மறைக்கவுமில்லை. வந்த அன்றே ஜன்னல் சின்னது என்றாள், மின்விசிறி சத்தம் போடுகிறது என்றாள். புருஷன் மறுபேச்சில்லாமல் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டார்.

சின்னவளை அங்கே எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். நீச்சல் குளத்துப் பிள்ளைகள் படம் வரைந்து அனுப்பின. அவளுடைய புருஷன் வாளியைக்கூடத் தொடவிடுவதில்லையாம். அம்மா காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அவளுக்குப் போன் போட்டு, "குனியாதடி, எதையும் தூக்காதடி" என்று அழுதாள். முறிந்துபோன எலும்பில்கூட அவளுக்குத்தான் மவுசு என்று பெரியவள் நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள், வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் நினைத்தாள்.

ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும் முன் அம்மாவை நாற்காலிக்கு மாற்றவேண்டியிருந்தது. பெரியவள் முட்டியை மடக்கி, அம்மாவின் இடுப்புப் பட்டையைப் பிடித்தாள். அம்மா அப்போதுதான் போனை வைத்திருந்தாள், கண் ஈரமாக இருந்தது.

"அவ வளர்ந்தது உனக்கு ஞாபகம் இருக்கா? ஒரே வருஷத்துல பாவாடையெல்லாம் முட்டிக்கு ஏறிடுச்சு. கையும் காலும் குச்சி குச்சியா. பாக்குறப்பல்லாம் எனக்கு அடிவயித்தக் கலக்கும். எங்கயாவது ஒடிஞ்சிடுவாளோன்னு ராவெல்லாம் தூக்கம் வராது. அதான் வர்றவங்ககிட்டல்லாம் நிக்க வெச்சுக் காட்டுவேன். இப்படி வளருதே, இது சரிதானான்னு யாராவது சொல்லமாட்டாங்களான்னு. உனக்குப் பாதி டம்ளர் பால் குடுத்துட்டு அவளுக்கு முழு டம்ளர் குடுத்திருக்கேன், தெரியுமா?"

"தெரியும்."

"உன்னைப் பத்தி மட்டும் எனக்கு ஒரு நாளும் பயம் வந்ததே இல்லடி."

அம்மா அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மனசாரச் சொல்கிறாள். அம்மா வாயிலிருந்து தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வராதா என்று பெரியவள் இந்த வயசுவரை காத்திருந்தாள். வந்துவிட்டது. இதுதான் அந்த வார்த்தை.

"கொஞ்சம் பயந்திருக்கலாம்லம்மா," என்றாள்.

"எதுக்கு?" என்றாள் அம்மா. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. தோளப் பிடிச்சுக்கோ, தூக்குறேன்."

அம்மா பிடித்துக்கொண்டாள். பெரியவள் காலை ஊன்றி எழுந்தாள். அம்மாவின் மொத்தக் கனமும் அவள்மேல் வந்து இறங்கியது. "விட்டுடாதடி, விட்டுடாத" என்று அம்மா நடுங்கினாள். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் பெரியவளை இறுகக் கட்டிக்கொண்டாள். நாற்காலி ஒரு எட்டுத் தூரத்தில்தான் இருந்தது. பெரியவள் உடனே உட்கார வைக்கவில்லை.